கூட்ஸ் வண்டிக்கும் இடம் கொடுங்கள்

சென்ற இதழின் கடைசிப் பக்கத்தில் செயற்குழுவின் அறிவிப்பு ஒன்று வந்திருந்தது. பார்த்திருப்பீர்கள். நம் சங்கத்தின் மாடி ஹாலில், 12 அடிக்கு 4 அடிப் பலகையின் மேல் ஓடும் மாடல் ரயிலை வரும் பொங்கல் விழாவுக்குள் விரிவுபடுத்தப் போகிறார்களாம். அதற்கென்று ஒரு தொகையும் ஒதுக்கியாகிவிட்டதாம். என்ன வாங்கலாம் என்று உறுப்பினர்கள் எழுதித் தெரிவிக்கலாமாம். யாரும் எழுத மாட்டார்கள் என்ற தைரியத்தில் கேட்டார்களோ என்னவோ, நான் எழுதிவிடுகிறேன்.

மாடியில் பேச்சு எப்படிப் போகிறது என்பது எனக்குத் தெரியும். ஒரு சாரார் வந்தே பாரத் வேண்டும் என்கிறார்கள். இன்னொரு சாரார், சென்னை போகும் எக்ஸ்பிரஸைப் போலவே பெயின்ட் அடித்த பத்துப் பெட்டிகள், உள்ளே விளக்கெரிய, வேண்டும் என்கிறார்கள். இரண்டும் இப்போது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அந்தத் தொகை முழுவதையும் சரக்கு வேகன்களுக்கே செலவிட வேண்டும். அதுவும் காலி வேகன்களுக்கு. அவற்றில் ஏற்றும் சரக்கைக் கடையில் வாங்கக் கூடாது. நாம், முக்கியமாக நம் வீட்டுக் குழந்தைகள், கையால் செய்ய வேண்டும்.

பெரியவருக்கு இன்னும் ஆபீஸ் ஞாபகம் போகவில்லை என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். 1974 முதல் 2008 வரை 34 வருஷம், இந்தப் பிலாயில், உருக்காலையின் போக்குவரத்துப் பிரிவில் வேகன் எண்ணியவன்தான் நான். ஆனால் இந்த யோசனை அங்கே தோன்றவில்லை. ஒரு பையன் கேட்ட கேள்வியில் தோன்றியது.

நம் லேஅவுட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு நீள்வட்டப் பாதை. இரண்டு பக்கப் பாதைகள். மும்மொழிப் பெயர்ப் பலகையோடு ஒரு ஸ்டேஷன். ஒரு குகை. குகை மலையைவிட உயரமான ஒரு கோபுரம் (அது யார் செய்தது என்று கேட்காதீர்கள், பக்தியில் அளவு தவறிவிட்டது). ஒரு டீசல் எஞ்சின், ஐந்து பிரயாணிப் பெட்டிகள். மூலையில் இரண்டு திறந்த வேகன்களும் ஒரு பிரேக் வேனும் நிற்கும். அந்த மூன்றும் என் கைவேலை. எட்டு வருஷங்களுக்கு முன் செய்தது. இரண்டு வேகன்களிலும் நிலக்கரி ஏற்றி வைத்திருக்கிறேன். பார்த்தவர்கள் பாராட்டியிருக்கிறார்கள். எனக்கும் கொஞ்சம் கர்வம் இருந்தது.

போன பொங்கலன்று ஒன்பது வயதுப் பையன் ஒருவன் பலகையின் விளிம்பில் முகவாயை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: "தாத்தா, இந்த கோய்லா எங்க இறங்கும்?"

"ஃபாக்டரியில இறங்கும்பா."

"ஃபாக்டரி எங்க இருக்கு? இங்க கோயில்தானே இருக்கு?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பலகையில் ஆலை இல்லை. இருந்திருந்தாலும் இறக்கியிருக்க முடியாது. அந்தக் கரியை நான் ஃபெவிகால் ஊற்றி வேகனின் அடித்தளத்தோடு சேர்த்து ஒட்டியிருந்தேன். எட்டு வருஷமாக என் வேகன்கள் நிறைந்தே புறப்பட்டு நிறைந்தே திரும்பி வந்துகொண்டிருந்தன. வந்த வேகனைக் குறித்த நேரத்துக்குள் காலி செய்து ரயில்வேக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் 34 வருஷம் என் உத்தியோகம். நேரம் தாண்டினால் டெமரேஜ், மேலே இருப்பவரின் மெமோ. அப்படிப்பட்டவன் செய்த வேகன், காலியே ஆகாத வேகன்!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பையனின் தாத்தா என் சிநேகிதர், இப்போது இல்லை. கோக் அடுப்புப் பிரிவில் முப்பது வருஷத்துக்குமேல் வேலை பார்த்தவர். அந்தக் கரி இறங்கிய இடத்தில்தான் அவர் ஆயுளில் பாதி கழிந்தது. பேரனுக்கு அது தெரியாது. அவனைக் குறை சொல்லவில்லை. "தாத்தா ப்ளான்ட்ல இருந்தார்" என்பதற்குமேல் நாம் யார், எந்தக் குழந்தைக்கு, என்ன சொல்லியிருக்கிறோம்?

ரயில் என்றதும் நமக்கு ஊருக்குப் போகும் வண்டிதான் ஞாபகம் வருகிறது. அதில் தப்பில்லை. துர்க்கில் ஏறி, நாக்பூரில் இறங்கி, ஜி.டி. வரும்வரை பிளாட்பாரத்தில் புளியோதரையைப் பிரித்துச் சாப்பிட்ட தலைமுறை நாம். ஆனால் நம்மை இந்த ஊருக்கு வரவழைத்தது எக்ஸ்பிரஸ் அல்ல. 1959-ல் இங்கே முதல் ஊதுலை எரிய ஆரம்பித்தபோது அதற்குத் தாது கொண்டுவந்ததும், கரி கொண்டுவந்ததும், சுண்ணாம்புக்கல் கொண்டுவந்ததும் கூட்ஸ் வண்டிகள். அந்த வண்டிகள் வந்துகொண்டே இருந்ததால்தான் நமக்கு ஷிஃப்ட் இருந்தது, குவார்ட்டர்ஸ் இருந்தது, சங்கம் ஒன்று ஆரம்பிக்கும் அளவுக்கு ஆளும் சேர்ந்தது. லெவல் கிராஸிங்கில் ஸ்கூட்டரை அணைத்துவிட்டு நின்று, "இன்னும் எத்தனை டப்பாடா" என்று சலித்துக்கொண்டே நாம் எண்ணிய வண்டி அது.

நாடு முழுவதற்குமே இதுதான் கணக்கு. 2022-23-ஆம் ஆண்டில் இந்திய ரயில்வே 150 கோடி டன்னுக்குமேல் சரக்கு ஏற்றியது. அதில் பாதியளவு நிலக்கரி. ரயில்வேயின் வருமானத்தில் பாதிக்குமேல் வருவதும் சரக்கிலிருந்துதான். பிரயாணிக் கட்டணத்தை மட்டும் நம்பியிருந்தால் நாம் நாக்பூருக்கு நடந்துதான் போயிருக்க வேண்டும்.

சரி, மாடல் விஷயத்துக்கு வருகிறேன்.

நம்முடையது எச்.ஓ. அளவு. அதாவது 87-ல் ஒரு பங்கு. இன்று நம் பாதைகளில் அதிகம் காணும் திறந்த வேகனுக்கு ரயில்வேக்காரர்கள் வைத்த பெயர் பாக்ஸ்-என். அதன் நீளம் கொக்கியோடு சேர்த்து 10.7 மீட்டர். நம் பலகையில் 12.3 சென்டிமீட்டர் ஆகும். அகலம் 3.2 மீட்டர், இங்கே 3.7 சென்டிமீட்டர். அசல் வண்டியில் இப்படி 58 வேகன்களும் ஒரு பிரேக் வேனும் வரும். அதை அப்படியே செய்தால் வேகன்கள் மட்டும் 7 மீட்டர் தாண்டும், வாசல் வழியாக வராந்தாவுக்குப் போய்விடும். நமக்கு எட்டு வேகன் போதும். எஞ்சினும் பிரேக் வேனும் சேர்த்து, நம்மிடமுள்ள 5 அடிப் பக்கப் பாதையில் அடங்கிவிடும். எட்டைப் பார்த்து 58-ஐக் கற்பனை செய்துகொள்ளக் குழந்தைகளுக்குத் தெரியும். பெரியவர்களுக்குத்தான் சிரமம்.

அளவு விஷயத்தில் நான் கறாரான ஆள் அல்ல. உண்மையைச் சொன்னால், நம் அகலப்பாதையின் 1676 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்குச் சற்றுமேல் வரும். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர்தான், ஏனென்றால் அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பாதைக்குச் செய்த அளவு. ஆக நாம் ஏற்கெனவே பாரத நாட்டு ரயிலை ஒடுக்கித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இதுவரை ஒருவரும் புகார் செய்யவில்லை. ஆனால் சரக்கு பொய்யாக இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்த ஊரில் பிலாஸ்பூரிலிருந்து நாக்பூர்வரை சரக்கு வண்டியைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த கண்கள் அவை.

உதாரணத்துக்கு இரும்புத் தாதுவை எடுத்துக்கொள்ளுங்கள். தல்லி-ராஜ்ஹராவிலிருந்து பாலோத், குண்டர்தேஹி, மரோடா வழியாக வரும் தாது வண்டியை நம்மில் பார்க்காதவர் யார்? ஆனால் மேம்பாலத்தில் நின்று உள்ளே பார்த்தவர்கள் எத்தனை பேர்? பார்த்திருந்தால், "என்ன இது, பாதி வேகன் காலியாகப் போகிறதே" என்று நினைத்திருப்பீர்கள். எனக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் தோன்றிற்று. பாக்ஸ்-என் வேகனின் கொள்ளளவு சுமார் 56 கன மீட்டர். அதன் அடிப்படைச் சுமை சுமார் 58 டன். ஒரு கன மீட்டர் நிலக்கரி ஒரு டன்னுக்கும் குறைவு. அதனால் கரி, வேகனின் விளிம்புக்குமேல் குவிந்து நிற்கும். தாதுவோ கன மீட்டருக்கு இரண்டு டன்னுக்குமேல். பாதி வேகன் நிரம்புவதற்குள் எடை வந்துவிடும். அதற்குமேல் போட்டால் அச்சு தாங்காது, பாதை தாங்காது. ஆகவே மாடலில் கரி வேகன் குவிந்திருக்க வேண்டும். தாது வேகனில் எட்டிப் பார்த்தால்தான் சரக்கு தெரிய வேண்டும், அதுவும் சமமாக இல்லாமல், கொட்டிய இடத்தில் மேடும் மற்ற இடத்தில் பள்ளமுமாக. விலை கொடுத்து வாங்கும் பிளாஸ்டிக் சுமைகளில் தாதுவையும் கரிபோலவே விளிம்புவரை வார்த்து, மேலே சிவப்பு பூசிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வண்டி உண்மையில் புறப்பட்டிருந்தால் அடுத்த எடைமேடையில் நிறுத்தியிருப்பேன்.

இந்த ஒரு சின்ன விஷயத்தை ஒரு குழந்தை தன் கையால் செய்து பார்க்கட்டும். கரி ஏன் குவிகிறது, தாது ஏன் அடியில் கிடக்கிறது என்று அது நம்மைக் கேட்கும். அப்போது சொல்ல நம்மிடம் பதில் இருக்கிறது. பாடப் புத்தகத்தில் அடர்த்தி என்று வரும் பாடம்தான். ஆனால் புத்தகத்தில் அதற்கு மரோடா ஸ்டேஷன் கிடையாது.

தாதுவுக்கு நிறம் எங்கே கிடைக்கும் என்று தேடி நானும் அலைந்தேன். செங்கல்லை இடித்துப் போட்டேன், ஆரஞ்சு அடித்தது. கடைசியில் பார்த்தால், நம் ஊர் வீடுகளில் தரைக்குப் போடுகிறோமே, சிவப்பு ஆக்சைடு, அதுதான் சரியாக வந்தது. வராமல் என்ன செய்யும்? ராஜ்ஹரா மலையில் இருப்பது ஹெமடைட். அது இரும்பு ஆக்சைடுதானே! பாட்டி வீட்டுக் கூடத்தில் வழவழவென்று காலுக்குக் குளிர்ச்சியாக இருந்த அதே சிவப்பு. சலித்த மணலில் அந்தப் பொடியைக் கலந்து, ஒரு சிட்டிகை கறுப்பும் சேர்த்தால், மழையில் நனைந்த தாது மாதிரியே இருக்கிறது. (ஆலையிலிருந்து ஒரு பிடி எடுத்து வரலாமே என்று ஒரு அன்பர் யோசனை சொன்னார். பென்ஷன் வாங்கும் வயதில் எனக்கு அந்த அவப்பெயர் வேண்டாம்.)

நிலக்கரிக்கு இஸ்திரிக்காரரிடம் ஒரு பிடி மரக்கரி வாங்கினாலே போதும். ஆனால் மரக்கரியில் பளபளப்பு வராது. நிஜக் கரித் துண்டு கிடைத்தால் அதுதான் நல்லது. பழைய இடிகல்லில் இடித்து டீ வடிகட்டியில் சலித்து, வடிகட்டியில் தங்குவதையே எடுத்துக்கொள்ள வேண்டும். கீழே விழும் தூள் உதவாது. அசலில் ஒரு சாண் அகலக் கரிக்கட்டி, நம் அளவில் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான். சர்க்கரைப் பருமன் சரியாக இருக்கும். சுண்ணாம்புக்கல்லுக்குக் கல் கோலப்பொடி. அதை அப்படியே போட்டால் வெள்ளை வெளேரென்று இருக்கும். நந்தினி சுரங்கக் கல் அவ்வளவு வெளுப்பல்ல, கொஞ்சம் ஊதுபத்திச் சாம்பல் கலக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அரிசி நொய், ரவை, கேழ்வரகு இவற்றுக்குச் சாயம் போட்டுச் சரக்காக்கும் யோசனை யாருக்கும் வர வேண்டாம். எனக்கு வந்தது. ரவைக்குச் சாம்பல் நிறம் ஏற்றி ஜல்லி என்று பாதையோரம் கொட்டினேன். அடுத்த மழைக்காலத்தில் ஜல்லி நகர ஆரம்பித்தது. வண்டு.

இனி முக்கியமான சங்கதி. சரக்கை வேகனில் ஒட்டக் கூடாது. வேகனின் உள்ளளவைவிட ஒவ்வொரு பக்கமும் அரை மில்லிமீட்டர் குறைவாக ஓர் அட்டையை வெட்டுங்கள். அதன்மேல் தெர்மோகோலை மேடு பள்ளமாகச் செதுக்கி ஒட்டி, கறுப்பு போஸ்டர் கலர் பூசுங்கள். ஸ்பிரே பெயின்ட் அடித்தால் தெர்மோகோல் கரைந்துவிடும். மேட்டின் உச்சியில் ஒரு இரும்பு வாஷரைப் பதித்துவிடுங்கள். பிறகு கரியைத் தூவி, ஒரு பங்கு ஃபெவிகாலில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீர் ஒரு சொட்டு விட்டு, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அந்த ஒரு சொட்டு சோப்பு இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் முத்து முத்தாக மேலேயே நிற்கும், கரி மிதக்கும். ஒரு ராத்திரி காய்ந்தால் போதும். இப்போது ஒரு சின்னக் காந்தத்தை மேலே கொண்டுபோனால், கரிக்குள் மறைந்திருக்கும் வாஷர் ஒட்டிக்கொண்டு, மொத்தச் சுமையும் கையோடு வந்துவிடும். வேகன் காலி! குழந்தைகள் இதைப் பார்த்துக் கை தட்டாமல் இருந்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்.

காலியாக்க முடிகிற வேகன் வந்துவிட்டால் வண்டிக்கு ஒரு காரணம் வந்துவிடுகிறது. பலகையின் ஒரு மூலை ராஜ்ஹரா, எதிர் மூலை ஆலை. சுரங்கத்தில் நிறையும் வண்டி ஆலைக்குப் போக வேண்டும். ஆலையில் காலியாகி, காலியாகவே திரும்ப வேண்டும். நிறைந்த வண்டி சுரங்கத்துக்குப் போனால் தவறு, காலி வண்டி ஆலைக்குள் நுழைந்தால் தவறு. இப்போது பாருங்கள், ஐந்து பிரயாணிப் பெட்டிகள் நீள்வட்டத்தில் சுற்றிச் சுற்றி வருவதைக் குழந்தைகள் எவ்வளவு நேரம் பார்க்கின்றன? மூன்று சுற்று. அப்புறம் கேசரி எங்கே என்று கீழே ஓடிவிடுகின்றன. சரக்கு வண்டி ஓட்டுகிறவனுக்கு வேலை இருக்கிறது. எந்த வேகனை எங்கே விடுவது, எதை முதலில் எடுப்பது, பிரேக் வேனை எப்படி மறுபடி கடைசிக்குக் கொண்டுவருவது என்று யோசிக்க வேண்டும். (பிரேக் வேனில் வருகிறவரை நாம் கார்டு என்றுதான் சொல்லிப் பழகினோம். இப்போது அவர் டிரெயின் மேனேஜர்.)

வெளிநாட்டு ரயில் பிரியர்கள் இதற்கு ஓர் அழகான தந்திரம் வைத்திருக்கிறார்கள். சுரங்கத்தையும் ஆலையையும் ஒரு மலைக்கு இரண்டு பக்கமும் முதுகோடு முதுகாக வைத்து, நடுவே மலைக்குள் மறைவாக இரண்டு பாதைகளை நேராக விட்டுவிடுவார்கள். ஆலைப் பக்கம் உள்ளே தள்ளிய நிறை வேகன் மலைக்குள் புகுந்து, சுரங்கப் பக்கம் நிறை வேகனாகவே வெளியே எடுக்கத் தயாராக நிற்கும். காலி வேகன்கள் அடுத்த பாதையில் எதிர்த் திசையில் இதேபோல் வரும். பார்க்கிறவர்களுக்குச் சுரங்கத்தில் எப்போதும் சரக்கு ஏற்றுவதாகவும், ஆலையில் எப்போதும் இறக்குவதாகவும் தோன்றும். நம் கோபுரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் இங்கேயும் இதைச் செய்யலாம். கோபுரத்தை எடுக்கச் சொல்லவில்லை, தள்ளத்தான் சொல்கிறேன்.

அசலில் வேகனை எப்படிக் காலி செய்கிறார்கள் என்பது தனிக் கதை. டிப்ளர் என்ற ராட்சசன் வேகனை அப்படியே கட்டிப் பிடித்துக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, மறுபடி நேராகத் தண்டவாளத்தில் வைத்துவிடும். மழைக்காலத்தில் நனைந்த தாதுத் தூள் வேகனின் அடியில் அப்பிக்கொள்ளும், கவிழ்த்தாலும் விழாது. ஆட்கள் இறங்கிச் சுரண்ட வேண்டும். அந்த நாட்களில் நாங்கள் வீட்டுக்கு வந்து துவைத்த சட்டையின் தண்ணீர் சிவப்பாகத்தான் போகும். பி.வி.சி. குழாயில் ஒரு டிப்ளர் செய்ய முயன்றுகொண்டிருக்கிறேன். இதுவரை இரண்டு வேகன்களைத் தரையில் போட்டு உடைத்ததோடு சரி. பொங்கலுக்குள் வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

ஆலையிலிருந்து வெளியே போகும் சரக்கும் வேண்டுமல்லவா? ஃப்யூஸ் ஒயரைத் தடித்த மார்க்கர் பேனாவில் சுற்றிக் கழற்றினால் ஒயர் ராடு சுருள். கறுப்பு அட்டையை வெட்டி அடுக்கினால் பிளேட். தண்டவாளம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. இந்த நாட்டு ரயில் பாதைகளில் பெரும்பகுதிக்குத் தண்டவாளம் வார்த்த ஊர் இது. இப்போது இங்கிருந்து 260 மீட்டர் நீளத் தண்டவாளங்கள் போகின்றன. ஒரே தண்டவாளம் பல தட்டை வேகன்களின்மேல் படுத்துக்கொண்டு, வளைவில் வண்டியோடு சேர்ந்து பாம்புபோல வளைந்து போகும். நம் அளவில் அது 3 மீட்டர் வரும். ஒரு மீட்டர் மெல்லிய கம்பியை நான்கைந்து தட்டை வேகன்களின்மேல், நடு வேகனில் மட்டும் கட்டி, மற்றவற்றில் நழுவும்படி விட்டால், அதே வளைவு பலகையிலும் தெரியும். எல்லாவற்றிலும் இறுக்கிக் கட்டினால் வண்டி தடம் புரளும். ஒருமுறை புரண்டது.

மூடிய வேகனில் சரக்கு தெரியாது, அதற்கு வேலை வேண்டாம் என்று நினைக்கலாம். ஒரே ஒரு வேகனின் கதவை மட்டும் திறந்து வைத்து, உள்ளே அரிசி மூட்டைகளை அடுக்குங்கள். சத்தீஸ்கரை நெல் களஞ்சியம் என்கிறார்கள். இங்கிருந்து அரிசி ரேக் ரேக்காகப் போகிறது. (அந்த அரிசியைக் கொள்முதல் செய்யும் இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்த இடம் நம் தஞ்சாவூர்.) 50 கிலோ மூட்டை நம் அளவில் ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். எம்-சீலை உருட்டி, தட்டி, ஈரம் காயுமுன் முரட்டுத் துணியில் அழுத்தி எடுத்தால் கோணியின் இழை பதிந்துவிடும். ஒரு குழந்தையை இருபது மூட்டை செய்யச் சொல்லுங்கள். விரல் வலிக்கிறது என்னும். அப்போது சொல்லுங்கள், ஒரு நிஜ வேகனில் ஆயிரத்துக்குமேல் மூட்டை, அத்தனையும் ஆட்களின் முதுகில் ஏறித்தான் உள்ளே போகின்றன என்று. ஒரு ரேக்கில் நாற்பது வேகன் வரும்.

எல்லாம் கையால் என்று நான் பிடிவாதம் பிடிப்பதாக எண்ண வேண்டாம். சக்கரமும், சக்கரத்தைத் தாங்கும் போகியும், கொக்கியும் வாங்கத்தான் வேண்டும். உலோகச் சக்கரமாக வாங்க வேண்டும். பணத்தை அங்கே போடுங்கள் என்பதுதான் என் வாதம். வேகன் உடம்பைக்கூட நாமே செய்யலாம். தடித்த கல்யாணப் பத்திரிகை அட்டையைவிட இதற்கு உகந்த பொருளை நான் பார்க்கவில்லை. நம் வீடுகளில் அதற்குப் பஞ்சமும் இல்லை. என் இரண்டு வேகன்களில் ஒன்றின் உட்புறத்தில் இன்னும் மாப்பிள்ளையின் பட்டம் தெரியும். எடை மட்டும் கவனம். அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தார் ஒரு கணக்கு வகுத்திருக்கிறார்கள்: எச்.ஓ. வண்டிக்கு அடிப்படையாக ஒரு அவுன்ஸ், பிறகு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். நம் பாக்ஸ்-என் வேகனுக்கு ஏறக்குறைய 97 கிராம் வரும். நிறை வேகனானால் எடையைக் கரிக்கு அடியில் ஒளித்துவிடலாம். காலி வேகனில் ஒளிக்க இடமில்லை, தரைக்குக் கீழே போகிகளுக்கு நடுவில்தான் ஒட்ட வேண்டும். அட்டை வேகன் எடை போதாமல் ஓடினால் ஒவ்வொரு பாயின்ட்டிலும் குதிக்கும்.

செயற்குழுவில் எனக்கு வேண்டிய நண்பர் ஒருவர் இருக்கிறார். எக்ஸ்பிரஸ் கட்சி. அவர் சொல்வதையும் சொல்லிவிட வேண்டும். "சார், குழந்தைகள் ஸ்பீடைத்தான் பார்க்கும். துருப்பிடித்த டப்பாவைப் பார்க்க யார் சார் மாடி ஏறி வருவார்கள்?" என்கிறார். நியாயமான பேச்சுதான். முதல் பார்வைக்கு எக்ஸ்பிரஸ்தான் இழுக்கும். அதற்குத்தான் ஏற்கெனவே ஐந்து பெட்டிகள் இருக்கின்றன. அவை ஓடட்டும். இன்னொன்றும் அவர் சொன்னார், அது என்னைக் கொஞ்சம் தைத்தது: "வருஷம் முழுக்க ஆலையைப் பார்த்தாச்சு. சங்கத்துக்கு வந்தாலும் ஆலையா? இங்கே வந்தால் ஊர் ஞாபகம் வர வேண்டாமா?"

வர வேண்டும். ஆனால் யாருடைய ஊர் ஞாபகம்? அவருக்குக் கும்பகோணம், எனக்குத் தூத்துக்குடிப் பக்கம். அந்தப் பையனுக்கு ஊர் எது? அவன் பிறந்தது செக்டர் ஆஸ்பத்திரியில். கோடை லீவில் பத்து நாள் பார்க்கும் இடத்தை அவனுக்கு ஊர் என்று காட்டுகிறோம். பிறந்து வளர்ந்த இடத்தில் தன் தாத்தா என்ன செய்தார் என்பதை மட்டும் காட்டுவதில்லை. அவனும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு பெங்களூருக்கோ புனேக்கோ போய்விடுவான். நம் பிள்ளைகளில் ஆலையில் வேலைக்குச் சேர்கிறவர்கள் இன்று எத்தனை பேர், நீங்களே எண்ணிப் பாருங்கள். தல்லி-ராஜ்ஹராவில் தாது குறைந்துவருகிறது. அதனால்தான் அதற்கும் தெற்கே ராவ்காட்டை நோக்கிப் பாதை போட்டார்கள். நாம் பார்த்த மலையும் இருக்கப் போவதில்லை, அதைத் தெரிந்தவர்களும் இருக்கப் போவதில்லை. இருக்கிறவர்கள் இருக்கும்போதே, கோக் அடுப்பில் இருந்தவர் கரி வேகனைப் பற்றியும், ரயில் மில்லில் இருந்தவர் தண்டவாள வேகனைப் பற்றியும், பக்கத்தில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே செய்யட்டும் என்கிறேன். எக்ஸ்பிரஸ் பெட்டியை டப்பாவிலிருந்து எடுத்துத் தண்டவாளத்தில் வைத்துவிட்டால் சொல்ல என்ன இருக்கிறது?

ஒரே ஒரு நிபந்தனை. இதைப் போட்டியாக்கிவிடாதீர்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஸ்டீல் டிபன் பாக்ஸ் என்று ஆரம்பித்தால் வேகன்களை அப்பாக்கள்தான் செய்வார்கள். குழந்தை கையில் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்கும். கைவினைக் கண்காட்சியில் நடப்பதைத்தான் பார்க்கிறோமே. கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. நிஜ வேகன்களிலும் நேரான வேகனை நான் அதிகம் கண்டதில்லை. டிப்ளரும் புல்டோசரும் இடித்து இடித்துப் பக்கவாட்டுத் தகடெல்லாம் ஒடுங்கித்தான் இருக்கும்.

என் பழைய வேகன்களில் ஒன்றின் கரியைப் போன வாரம் உளியால் பெயர்த்து எடுத்துவிட்டேன். அடித்தளம் கொஞ்சம் கிழிந்தது, வேறு பத்திரிகை ஒட்டிச் சரி செய்தாயிற்று. புதிய சுமை வாஷரோடு தயாராக இருக்கிறது. செயற்குழு எந்த முடிவுக்கு வந்தாலும், அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு நான் மாடி ஹாலில் இருப்பேன். சலித்த கரி ஒரு டப்பாவும், சிவப்பு ஆக்சைடு ஒரு பொட்டலமும் என்னிடம் இருக்கின்றன. வருகிறவர்கள் ஒரு கத்தரிக்கோல், பழைய டீ வடிகட்டி, தடித்த கல்யாணப் பத்திரிகை இரண்டு கொண்டுவந்தால் போதும். அந்தப் பையனின் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், அனுப்புவதாகச் சொன்னார். கோக் அடுப்பில் அவன் தாத்தாவோடு வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களும் வாருங்கள்.